எங்கள் வீட்டில் ஃப்யூஸே போகாது!

"எங்கள் வீட்டில் ஃப்யூஸே போகாது" என்று அக்கம்பக்கத்தில் நான் பெருமையாகச் சொல்லிக் கொண்டிருந்த காலம் உண்டு. அந்தப் பெருமை எவ்வளவு பெரிய அறியாமை என்பது சென்ற ஐப்பசி அடைமழையில்தான் எனக்கு உறைத்தது.

எங்களுடையது கும்பகோணம் பக்கத்தில் 1971-ல் கட்டிய வீடு. எங்கள் கிரைண்டருக்கு ஒரு குணம் உண்டு. தொட்டால் விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும். மருமகள் வந்த புதிதில், "அத்தை, கிரைண்டர் ஷாக் அடிக்குதே!" என்று பயந்தாள். "அது ஒண்ணும் பண்ணாதும்மா. மணை மேல ஏறி நின்னுக்கோ. இல்லேன்னா ரப்பர் செருப்பைப் போட்டுக்கோ" என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான். இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் வீட்டில் இந்த 'மணை வைத்தியம்' இன்னும் நடக்கிறதோ!

அன்று மாவு அரைந்து கொண்டிருந்தது. நாலு வயதுப் பேரன் முற்றத்து மழையில் நனைந்துவிட்டு, வெறுங்காலோடு ஓடி வந்தான். "பாட்டி, நானும் மாவு தள்ளறேன்" என்று கிரைண்டர் மேல் கையை வைத்தான். வீல் என்று ஒரு அலறல். கை உதறிக் கொண்டு பின்னால் விழுந்தான். அந்தக் கை ஒட்டிக் கொள்ளாமல் உதறிக் கொண்டதுதான் நாங்கள் செய்த புண்ணியம். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "பயமில்லை" என்று சொல்லும்வரை எனக்கு உயிரே இல்லை.

ராத்திரி மருமகள் கோபமாக ஒன்றும் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "இனிமே நாலு வயசுப் பிள்ளைக்கும் ரப்பர் செருப்பைப் போட்டுத்தான் சமையலறைக்குள்ள விடணுமா, அத்தை?"

என்னிடம் பதில் இல்லை.

கட்டையைக் கழற்றினால்...

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். முதல் கேள்வியே, "ஷாக் அடிச்சப்போ ஃப்யூஸ் போச்சாம்மா?" என்பதுதான். "இல்லையே தம்பி, எங்க வீட்டுல ஃப்யூஸே போகாதே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மெயினை அணைத்துவிட்டு, வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டையை உருவினார். மயிரிழை மாதிரி ஒரு கம்பி இருக்க வேண்டிய இடத்தில், ஏழெட்டுப் புரிகளை முறுக்கிக் கட்டிய கனமான செம்புக் கம்பி இருந்தது.

"இதை யாரும்மா கட்டினது?"

நான்தான். பல வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில், இஸ்திரிப் பெட்டி போட்டால் ஃப்யூஸ், மிக்ஸி போட்டால் ஃப்யூஸ் என்று ஒரே தொல்லை. இவர் வேலைக்குப் போய்விடுவார். நான் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய ஒயரிலிருந்து நாலு புரியை எடுத்து இறுக்கிக் கட்டினேன். அப்புறம் போகவே இல்லை. என் கைராசி என்று நினைத்துக் கொண்டேன்!

"ஃப்யூஸ் போறது தொல்லை இல்லம்மா. அது போனாத்தான் வீடு பிழைக்கும்" என்றார் அவர்.

அவர் சொன்னது இதுதான். ஃப்யூஸ் கம்பி என்பது வேண்டுமென்றே பலவீனமாக வைக்கும் ஒரு இடம். சுவருக்குள் ஓடும் ஒயர் தாங்க முடியாத அளவுக்கு மின்சாரம் ஓடினால், ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும் முன் இந்தக் கம்பி உருகி அறுந்துவிட வேண்டும். 5 ஆம்பியர் ஃப்யூஸ் கம்பி சுமார் 0.2 மில்லிமீட்டர் கனம்தான். 15 ஆம்பியர் கம்பியே அரை மில்லிமீட்டர்தான். அதற்குப் பதில் கனத்த கம்பியைக் கட்டினால், ஃப்யூஸ் உருகாது. சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் உருகும். காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுத்துவிட்டு, "எங்கள் தெருவில் காவல்காரன் கத்துவதே இல்லை" என்று பெருமைப்படுவது போலத்தான் என் பெருமையும்.

சரியான கம்பியே கட்டினாலும், அது தன் அளவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் ஓடினால்தான் உருகும். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் நாலு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ. இன்றைக்குக் கணக்குப் போடுங்கள். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியருக்கு மேல். 2000 வாட் கீசரும், 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் ஆளுக்கு 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. காலை ஏழு மணிக்கு இவை எல்லாம் ஒன்றாக ஓடினால், ஐம்பது வருஷத்து ஒயர் என்ன பாடுபடும்?

இன்னொரு விஷயத்தையும் அவர் காட்டினார். எங்கள் மரப்பலகையில் இரண்டு ஃப்யூஸ் கட்டைகள். ஒன்று ஃபேஸ் கம்பிக்கு, மற்றொன்று நியூட்ரலுக்கு. பழைய வீடுகளில் இப்படி இருக்கும். நியூட்ரல் ஃப்யூஸ் போய்விட்டால் விளக்கு அணைந்துவிடும். "கரண்டு இல்லை" என்று நாம் தைரியமாகக் கை வைப்போம். ஆனால் ஃபேஸ் கம்பியில் மின்சாரம் அப்படியேதான் இருக்கும்! அதனால்தான் நியூட்ரலில் ஃப்யூஸ் வைக்கக் கூடாது என்கிறார்கள்.

ஃப்யூஸ் யாரைக் காப்பாற்றும்?

எனக்கு ஒரு சந்தேகம். "நான் சரியான கம்பியைக் கட்டியிருந்தா, குழந்தைக்கு ஷாக் அடிச்சிருக்காது இல்லையா?" என்று கேட்டேன்.

"அடிச்சிருக்கும்மா. ஃப்யூஸ் ஒயரைத்தான் காப்பாத்தும், மனுஷனைக் காப்பாத்தாது."

இதை ஒவ்வொரு தாயும் தெரிந்து கொள்ள வேண்டும். ஒரு ஆம்பியரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று தெரியும். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினால், தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். முப்பதைத் தாண்டி, அது உடம்பில் சில விநாடிகள் நீடித்தாலே மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. ஈர உடம்பின் வழியே 230 வோல்ட் பாய்ந்தால்கூட ஓடுவது கால் ஆம்பியர் அளவுதான். உயிரை எடுக்க அது தாராளமாகப் போதும். ஆனால் 5 ஆம்பியர் ஃப்யூஸுக்கு அது கொசுக்கடி. அசைந்துகூடக் கொடுக்காது.

"அப்படீன்னா எர்த் எதுக்கு?" என்று கேட்பீர்கள். எர்த் நன்றாக இருந்தால், கிரைண்டரின் உலோக உடம்புக்கு வந்த மின்சாரம் சுலபமாக மண்ணுக்குள் இறங்கி, பெருமளவில் பாய்ந்து, ஃப்யூஸை அறுத்துவிடும். எங்கள் கிரைண்டர் ப்ளக்கிலோ எர்த் முள்ளை என்றைக்கோ உடைத்து எடுத்திருந்தோம், இரண்டு ஓட்டை சாக்கெட்டில் செருகுவதற்காக! தவிர, கொல்லையில் இருந்த எர்த் குழி காய்ந்து, கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. எர்த் குழியின் தடை 40 ஓம் என்று வைத்துக் கொண்டால், ஓடும் மின்சாரம் 6 ஆம்பியர்கூட வராது. 15 ஆம்பியர் ஃப்யூஸ் போகுமா? போகாது. சாமானின் உடம்பு மின்சாரத்தோடு அப்படியே நிற்கும், யாராவது தொடும்வரை.

புதுப் பெட்டியில் இருக்கும் இரண்டு காவல்காரர்கள்

அந்த வாரமே பழைய மரப்பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பெட்டி வைக்க முடிவு செய்தோம். அதில் இரண்டு வகைச் சாமான்கள் உண்டு. இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலாவது எம்.சி.பி. இது ஃப்யூஸின் வேலையைச் செய்யும் ஸ்விட்ச். உள்ளே இரண்டு உலோகத்தை ஒட்டிய ஒரு பட்டை. மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் பட்டை சூடேறி வளைந்து, ஸ்விட்சைத் தட்டிவிடும். கூடவே ஒரு சுருள் காந்தம். ஷார்ட் சர்க்யூட் ஆனால் கண் இமைக்கும் முன் அது இழுத்துவிடும். ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்து ஹ்யூகோ ஷ்டோட்ஸ் என்பவரின் கம்பெனி 1924-லேயே இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. பழைய ஃப்யூஸ் இரண்டு மடங்கு வரை பொறுக்கும் என்றேன் அல்லவா? எம்.சி.பி. தன் அளவைப் போல் 1.45 மடங்கு ஓடினாலே ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். கம்பி கட்டும் வேலை இல்லை. ஆகவே என்னைப் போன்றவர்கள் 'கைராசி'யைக் காட்டவும் வழி இல்லை!

இரண்டாவது ஆர்.சி.சி.பி. சிலர் பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்பார்கள். மனிதரைக் காப்பாற்றுவது இதுதான். கடைக்குப் போன பையனிடம் சில்லறைக் கணக்குக் கேட்போமே, அதே வேலை. ஃபேஸ் கம்பியில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று ஓயாமல் பார்த்துக் கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால்கூட, "எங்கேயோ ஒழுகுகிறது, யார் உடம்பு வழியாகவோ போகிறது" என்று புரிந்து கொண்டு, விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கசிவு இன்னும் அதிகம் என்றால் அதைவிட வேகம். இதே தத்துவத்தில் அமெரிக்காவில் 1961-ல் மனித உயிரைக் காக்கும் கருவியைச் செய்தவர் சார்லஸ் டால்ஸியல் என்ற கலிஃபோர்னியப் பேராசிரியர்.

கடையில் 100, 300 மில்லி ஆம்பியர் என்றும் கிடைக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க உதவும். ஆளைக் காப்பாற்ற 30 தான் வேண்டும். பெட்டி மேல் படித்துப் பார்த்து வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் முக்கியம்.

ஒன்றை மறக்காதீர்கள். எம்.சி.பி. ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி. அதிக பாரத்திலிருந்து காப்பாற்றாது. இரண்டும் வேண்டும். அப்படியும், ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்கு வித்தியாசம் தெரியாது. கணக்கு சரியாக இருக்கிறதே! எனவே கருவி இருக்கிறது என்று அஜாக்கிரதை கூடாது. எர்த்தும் சரியாக இருக்கத்தான் வேண்டும்.

பெட்டி மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

* முறையான லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனையே கூப்பிடுங்கள். மீட்டர் பக்கம் சீல் வைத்த பகுதி மின் வாரியத்துக்குச் சொந்தம். அதைத் திறக்க வேண்டுமானால் அவர்கள்தான் வர வேண்டும்.

* பெட்டி வைக்கும் முன் 'மெக்கர்' என்ற கருவியால் ஒயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. பழைய ரப்பர் உறை ஒயர்கள் வாழைச்சருகு மாதிரி நொறுங்கும். அவற்றை வைத்துக் கொண்டு பெட்டியை மட்டும் மாற்றிப் பயனில்லை. எங்கள் வீட்டில் சமையலறை, குளியலறை ஒயர்களை முழுக்க மாற்ற வேண்டியிருந்தது.

* எம்.சி.பி. ஒயருக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். பொதுவாக, விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும், பவர் ப்ளக்குக்கு 2.5 ஒயரும் 16 ஆம்பியரும், ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 20 ஆம்பியரும். "16 அடிக்கடி விழுது, 32 போட்டுடலாமா?" என்று யாராவது கேட்டால், கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அது நான் கட்டிய கனத்த கம்பியின் மறுபிறவி!

* சமையலறை, கீசர், ஏ.சி., விளக்குகள், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு ஆர்.சி.சி.பி. வையுங்கள். ஒன்று விழுந்தாலும் வீடு முழுக்க இருட்டாகாது. ஊருக்குப் போயிருக்கும்போது ஃபிரிட்ஜிலுள்ள பாலும் காயும் கெடாது.

* பெட்டி கைக்கு எட்டும் உயரத்தில், உலர்ந்த இடத்தில் இருக்கட்டும். அடுப்புக்கு மேலோ, குளியலறைச் சுவரிலோ வேண்டாம். காலண்டர் மாட்டி மறைக்காதீர்கள். ஒவ்வொரு எம்.சி.பி.க்குக் கீழேயும் எது எதற்கு என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் கண்ணாடி தேடும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய எழுத்தாக இருந்தால் நல்லது.

* வீட்டில் யூ.பி.எஸ். இருந்தால் ஜாக்கிரதை. மெயினை அணைத்த பிறகும், பேட்டரியிலிருந்து அந்த லைன்களுக்கு மின்சாரம் வரும். அதையும் அணைத்த பிறகே பழுது பார்க்க வேண்டும்.

செலவு என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? ஒயர் மாற்றும் செலவு வீட்டுக்கு வீடு வேறுபடும். பெட்டியும் அதிலுள்ள சாமான்களும் மட்டும் என்றால், ஒரு சுமாரான பட்டுப் புடவையின் விலைக்குள் முடிந்துவிடும். இந்தத் தீபாவளிக்கு எனக்குப் புடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புதுப் பெட்டி தந்த சோதனை

வைத்த மூன்றாம் நாளே ஆர்.சி.சி.பி. விழுந்தது. மறுபடி விழுந்தது. காலையில் குளிக்கிற நேரமாகப் பார்த்து விழுந்தது. இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐம்பது வருஷமா ஒரு தொல்லையும் இல்ல. அதைக் கழற்றிட்டு நேரடியா கொடுக்கச் சொல்லு" என்றார். பல வீடுகளில் இந்த இடத்தில்தான் தோற்றுப் போகிறார்கள். ஆர்.சி.சி.பி.யைச் சுற்றி ஒயரைக் கொடுத்து, அதைப் பொம்மையாக்கிவிடுகிறார்கள்.

மருமகள் குறுக்கே நின்றாள். "மாமா, அது பொய் சொல்லலை. எங்கேயோ ஒழுகுதுன்னு சொல்லுது. என்னன்னு பார்த்துடலாம்."

எலக்ட்ரீஷியன் வந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். குளியலறை கீசரின் ஹீட்டிங் எலிமெண்டில் கசிவு! தினம் அந்தக் குழாயடியில்தான் பேரனை நிறுத்திக் குளிப்பாட்டிக் கொண்டிருந்தோம். எலிமெண்டை மாற்றியதும் பெட்டி அமைதியாகிவிட்டது. இவர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. சாயந்திரம் தானே போய் எர்த் குழிக்கு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்.

விழுந்தால் என்ன செய்வது?

உலர்ந்த கையோடு, உலர்ந்த தரையில் நின்று கொள்ளுங்கள். எம்.சி.பி. விழுந்திருந்தால், அந்த லைனிலுள்ள ப்ளக்குகளைக் கழற்றிவிட்டு, நெம்புகோலை முழுக்கக் கீழே தள்ளி, பிறகு மேலே ஏற்றுங்கள். ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தால், எல்லா எம்.சி.பி.யையும் அணைத்துவிட்டு அதை முதலில் ஏற்றுங்கள். பிறகு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். எல்லாம் அணைத்தும் நிற்கவில்லை என்றால், வீட்டிலுள்ள எல்லா ப்ளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். அப்படியும் விழுந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். பலவந்தமாகப் பிடித்து நிறுத்தாதீர்கள். கருகிய வாசனை வந்தால் ஏற்றவே வேண்டாம்.

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக் கொண்டால், அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், உலர்ந்த பலகை மேல் நின்று, உலர்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். மூச்சு இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, உதவி வரும்வரை நெஞ்சை அழுத்திக் கொண்டே இருக்க வேண்டும்.

வாடகை வீட்டுச் சகோதரிகள், "இதெல்லாம் எங்கள் கையிலா இருக்கிறது?" என்று கேட்கலாம். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். முழுப் பெட்டி முடியாது என்றால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றாவது வைக்கச் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியும் ஈரக்கையோடுதான் நம் சாமான்களைத் தொடுகிறாள் என்பதையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்தினால், படக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். தேதி ஞாபகம் இருக்காது என்பதால் நான் அமாவாசை என்று வைத்துக் கொண்டிருக்கிறேன். பேரனைத் தூக்கிக் கொள்வேன், அவன்தான் அழுத்துவான். படக்! வீடு இருட்டாகும். அவன் கைதட்டுவான். அவன் அம்மா சமையலறையிலிருந்து, "விழுந்துதா, அத்தை?" என்று கேட்பாள். "விழுந்துதும்மா" என்பேன். அதைவிட நிம்மதியான வார்த்தை இன்று எங்கள் வீட்டில் வேறு இல்லை.

கிரைண்டருக்குப் புது எர்த் ஒயரும் மூன்று முள் ப்ளக்கும் போட்டு, மோட்டாரையும் சரி பார்த்தாகிவிட்டது. இப்போது சுருக்கென்பதில்லை. அந்த மணை? கூடத்துக்கு வந்துவிட்டது. பேரன் அதன் மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான்.

உங்கள் வீட்டில் எதைத் தொட்டாலாவது 'சுருக்' என்கிறதா? மணையைத் தேடாதீர்கள். இன்றைக்கே ஃப்யூஸ் பெட்டியைப் பாருங்கள்.